வீடு யார் பேரில்?

2004 சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்பில் ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்தில் கள உத்தியோகத்தராக வேலை பார்த்தேன். புதிதாக வரும் வெள்ளைக்காரர்களுக்கு முதலில் ஒரு வகுப்பு நடக்கும். நாங்களும் கூட இருப்போம். நெதர்லாந்துச் சமூக உளவியலாளர் ஹொஃப்ஸ்டெட், 1967 முதல் 1973 வரை ஐபிஎம் கணினி நிறுவன ஊழியர்களிடம் எடுக்கப்பட்ட கருத்துக்கணிப்பை வைத்துப் போட்ட கணக்குகள் திரையில் வரும். எந்த நாட்டில் மேலதிகாரிக்கு எவ்வளவு பணிவு, எங்கே தனிமனிதன் பெரிது, எங்கே குடும்பம் பெரிது என்று நாடு நாடாக எண்கள்.

அலுவலகத்துக்குள் அது ஓரளவு பொருந்தியது. பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்றார் எங்கள் நோர்வே மேலாளர். கூப்பிட்டோம், பெயருக்குப் பின்னால் ஒரு 'சேர்' ஒட்டி.

வெளியே போனால்தான் சிக்கல். நாவலடியில் கடல் கொண்டுபோன வீடுகளுக்குப் பதிலாகத் திராய்மடுவில் வீடு. படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்றொரு கட்டம். ஒரு அம்மா சொப்பிங் பையிலிருந்து காணி உறுதிப் பத்திரத்தை எடுத்து விரித்தார். உப்புத் தண்ணீரில் ஊறிக் காய்ந்து அப்பளம்போல் மொறுமொறுத்தது. மை பரவியிருந்தாலும் அவர் பெயரை வாசிக்க முடிந்தது.

"இது என்ட அம்மா சீதனமாத் தந்த வளவு மனே. இவர் கலியாணம் முடிச்சு இஞ்ச வந்தவர்தானே."

கணவரும் ஓம் என்றார். ஆனாலும் கட்டத்தில் ஏறியது கணவர் பெயர்தான். பெண்களுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று நகரத்து ஹோட்டலில் பயிலரங்கு வைத்ததும் இதே திட்டம்தான்!

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் தமிழர், முஸ்லிம்கள் இரு பகுதியாரிடமும் தாய்வழிக் குடிமுறை உண்டு. வீடு மகளுக்கு, மருமகன் வந்து சேர வேண்டும். யாழ்ப்பாணத்தாரின் வழக்கச் சட்டமான தேசவழமை வேறு. ஒரு தீவுக்குள்ளேயே இப்படியிருக்க, இலங்கைக்கென்று ஒற்றை எண் போட்டு நோர்வேயோடு ஒப்பிட்டால் எதைப் பிடிக்க முடியும்?

எங்கள் வழக்கத்தை நான் தூக்கிப் பிடிக்கவில்லை. தங்கச்சிக்கு வீடு கட்டக் கட்டாருக்குப் போய், தன் கலியாணத்தைத் தள்ளிப்போட்ட அண்ணன்மாரையும், மகளின் வீட்டுக்காகக் குவைத்தில் அடுப்படி வேலைக்குப் போன தாய்மாரையும் ஊருக்கு ஊர் காணலாம்.

வெள்ளைக்காரர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. அரச காணிகளுக்கான 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் வாரிசு வரிசையில் ஆண்பிள்ளைக்கே முன்னுரிமை இருந்தது. அதைத் திருத்தியது 2022இல். அதற்குள் அந்த வீடுகளில் பிறந்த பெண்பிள்ளைகளுக்குச் சீதனப் பேச்சே தொடங்கிவிட்டது.