பெத்துங் மூங்கில்: வேகத்தை விடுங்கள், வயதைக் கேளுங்கள்

மூங்கிலைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் முதல் பேச்சு அதன் வேகம்தான். ஒரே நாளில் ஒரு அடி ஏறும், சில மாதத்தில் வானத்தைத் தொடும், நட்டுவிட்டால் போதும் பணம் கொட்டும் என்று சுற்றும் வீடியோக்களை நண்பர்கள் எனக்கும் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள், நான் பாலியில் மூங்கில் கட்டட வேலை பார்க்கிறேன் என்பதால். அவற்றில் நிறைய வீடியோக்கள் பேசுவது இந்தோனேசியாவில் பெத்துங் என்று சொல்லும் ராட்சச மூங்கிலை. தாவரவியல் பெயர் டென்ட்ரோகாலமஸ் ஆஸ்பர். வீடியோவில் சொல்கிற வேகம் பொய் இல்லை. ஆனால் இந்த மூங்கிலை வைத்துப் பிழைக்கிறவர்கள் யாரும் வேகத்தைப் பற்றிப் பேசி நான் கேட்டதே இல்லை, அவர்கள் பேசுவதெல்லாம் வயது. இந்தக் கழிக்கு எத்தனை வயசு, அந்தத் தூறுக்கு, அதாவது கழிகள் கூட்டமாக நிற்கும் புதருக்கு, எத்தனை வயசு, எப்போது வெட்டினார்கள், வெட்டி எத்தனை நாள் ஆயிற்று. அதைத்தான் எழுத வந்தேன்.

முதலில் இந்த மூங்கில் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். இருபது முதல் முப்பது மீட்டர் உயரம் போகும். அடிப்பக்கம் 8 முதல் 20 சென்டிமீட்டர் விட்டம், நல்ல மண்ணில் வளர்ந்ததை ஒரு கையால் பிடிக்க முடியாது, இரண்டு கையையும் சேர்த்துத்தான் வளைக்க வேண்டும். நடுவில் உள்ளீடு இல்லாத குழல்தான் என்றாலும் அடிக்கணுக்களில் சுவர் இரண்டு சென்டிமீட்டரையும் தாண்டும், அதனால்தான் வீட்டுக்குத் தூணாக நிற்கிறது. இளங்கழியின் கீழ்ப்பகுதி முழுவதும் பழுப்பு நிறத்தில் வெல்வெட் மாதிரி மெல்லிய ரோமம் படர்ந்திருக்கும், தடவிப் பார்க்காமல் யாராலும் தாண்டிப் போக முடியாது. தரைக்குப் பக்கத்தில் இருக்கிற கணுக்களைச் சுற்றிக் குட்டிக் குட்டி வேர்கள் முட்டிக்கொண்டு நிற்கும். முள் கிடையாது. நம் ஊர் ஆற்றங்கரையின் முள் மூங்கிலோடு போராடிக் கை கிழிந்தவர்களுக்கு அதன் அருமை புரியும்.

இது ஓடும் மூங்கில் இல்லை, தூறு கட்டும் மூங்கில். மண்ணுக்குள் இருக்கிற கிழங்கு குட்டையாகத் தடித்து, பக்கவாட்டில் கொஞ்சமே நகர்ந்து உடனே மேலே திரும்பிவிடும். அதனால் எத்தனை வருடம் ஆனாலும் தூறு நின்ற இடத்தில்தான் நிற்கும், வெளிப்பக்கமாக மெல்லத் தடித்துக்கொண்டே போகும். ஜாவா, சுமத்ரா, பாலி, சுலவேசி, மலேசியா, தாய்லாந்து என்று எங்கு பார்த்தாலும் ஊரை ஒட்டிய ஓடைச் சரிவுகளில் இது இருக்கிறது. மனிதர்கள் இத்தனை காலமாகக் கையோடு எடுத்துப்போய் நட்டு நட்டு, எந்தக் காட்டில் முதலில் பிறந்தது என்று தாவரவியலாளர்களாலேயே எல்லை போட்டுச் சொல்ல முடியாத அளவுக்குப் பரவிவிட்டது.

சரி, வயதுக்கு வருகிறேன். மரத்துக்கு ஆண்டுதோறும் சுற்றளவு கூடும். மூங்கிலுக்கு அது கிடையவே கிடையாது. மண்ணிலிருந்து குருத்து எட்டிப் பார்க்கும்போது என்ன தடிமனோ அதுதான் கடைசிவரை. மழைக்காலத்தில் குருத்து கிளம்பி, சில மாதங்களில் முழு உயரத்துக்கும் ஏறி, அப்புறம் கிளைவிட்டு இலைவிட்டு நின்றுவிடும். வெளியாள் பார்த்தால் வேலை முடிந்தது என்றுதான் தோன்றும். உண்மையில் அப்போதுதான் ஆரம்பமே. அந்தக் கழி உள்ளே ஈரமும் மாவுச்சத்துமாக இருக்கிறது, நார் இறுகவில்லை, அப்போது வெட்டி வெயிலில் போட்டால் சுருங்கி வெடித்துவிடும். மூன்று நான்கு வருடம் நின்றால்தான் நார்கள் கெட்டிப்பட்டு வீட்டுக்கு ஆகும் கழியாக மாறும். அதுவும் ஏற்கெனவே வளர்ந்து முடித்த தூறில். புதிதாக நட்ட கன்று என்றால் முதல் வருடம் விரல் தடிமன், அடுத்த வருடம் கொஞ்சம் கூட, இப்படி ஒவ்வொரு மழைக்கும் முந்தைய தலைமுறையைவிடப் பருத்த கழிகளை விட்டுக்கொண்டு வந்து, முழுத் தடிமனைத் தொடவே சில வருடங்கள் ஆகும். அந்த வருடங்களையும் பிறகு கழி முற்றும் வருடங்களையும் கூட்டிப் பாருங்கள், "சில மாதத்தில்" என்ற அந்த வீடியோப் பேச்சு எங்கே நிற்கிறது என்று.

பாலியின் பங்ளி மலைப்பக்கம் எங்களுக்குக் கழி கொடுக்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரோடு தோப்புக்குள் போனால் நேரம் போவதே தெரியாது. அரிவாளின் முதுகால் ஒவ்வொரு கழியையும் தட்டிக்கொண்டே போவார், முற்றிய கழி கணீரென்று பேசும், இளசு சத்தத்தை விழுங்கிவிடும். தட்டாமலே வயது சொல்ல வழிகள் உண்டு. முதல் வருடக் கழியில் அந்த வெல்வெட் ரோமம் அப்படியே இருக்கும், அடிக்கணுக்களில் பழுப்பு உறை ஒட்டிக்கொண்டிருக்கும். அடுத்த வருடம் உறை உதிர்ந்து, ரோமம் தேய்ந்து, பச்சை பளிச்சென்று தெரியும். அதன்பின் பச்சை மங்கி, நாம் குழம்பில் போடுகிற கல்பாசியின் இனத்தைச் சேர்ந்த வெள்ளைத் திட்டுகள் தோலில் ஏறும். திட்டு ஏறிய கழியைத்தான் அவர் வெட்டுவார். "இதை எடுத்துக்கலாமா பாக் (ஐயா)?" என்று நான் ஆசைப்பட்டுக் கேட்ட நல்ல பருத்த கழியை, "அது இன்னும் அம்மா வேலை பார்க்குது, விட்டுடு" என்று தள்ளிவிட்டார். அவர் சொன்னதில் அறிவியலும் இருக்கிறது. புதுக் குருத்துக்கு இலை கிடையாது, அது தானாகச் சமைத்துச் சாப்பிட முடியாது, பக்கத்தில் நிற்கிற மூத்த கழிகளும் கிழங்கும் சேர்த்துவைத்த சத்தில்தான் அத்தனை உயரமும் ஏறுகிறது. ஒப்பந்தக்காரர்கள் வந்து ஒரு தூறை மொத்தமாக வழித்துக்கொண்டு போனால் அடுத்த மழையில் வருவது குச்சிகள்தான். அப்படிச் சிதைந்த தூறுகளை இங்கே சாலையோரமெல்லாம் பார்க்கிறேன், மனம் கஷ்டப்படுகிறது.

வெட்டுவதிலும் முறை இருக்கிறது. மூத்தவை நடுவிலும் இளையவை ஓரத்திலும் இருக்கும், அதனால் ஒரு பக்கம் வழி திறந்து உள்ளே போய் நடுவிலிருந்து எடுக்க வேண்டும், மேலிருந்து பார்த்தால் தூறு லாட வடிவத்தில் தெரியும். கணுவுக்குச் சற்று மேலே ஒட்ட வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் மிச்சக் குழலில் தண்ணீர் தேங்கி அழுகும். குருத்து வரும் மழைக்காலத்தில் தோப்புக்குள் அரிவாளோடு கால் வைப்பதே தப்பு.

வெட்டிய பிறகு எதிரி வண்டு. உளுத்துப்போன மூங்கிலைப் பார்க்காத தமிழர் இருக்க முடியாது, பந்தல்கால் அடியில் மாவு மாவாகக் கொட்டிக் கிடக்குமே, அதேதான். வண்டுக்கு வேண்டியது நாரில்லை, மாவுச்சத்து. ஜாவா விவசாயிகளின் பழைய நாட்காட்டி ஆண்டைப் பன்னிரண்டு மங்சாக்களாகப் பிரிக்கிறது, அதில் மழை ஓய்ந்து வறட்சி தொடங்கும் கடைசி மங்சாக்களில்தான் மூங்கில் வெட்டுவது வழக்கம், அப்போது கழியில் மாவுச்சத்து குறைவு. வெட்டியதை ஆற்றிலோ சேற்றுக் குட்டையிலோ மாதக்கணக்கில் ஊறப்போடுவார்கள், மாவுச்சத்து கரைந்து புளித்துப் போய்விடும், வெளியே எடுக்கும்போது நாற்றம் தாங்காது என்றாலும் அந்தக் கழி பல வருடம் நிற்கும். யோக்யகர்த்தாவின் காஜா மாதா பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் சுல்தோனி இந்த மரபு முறைகளை 1980-களில் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிய ஊர்க்காரர்கள் பாவம், பாட்டன் கட்டிய வீட்டில் இருந்துகொண்டே அதைச் சொன்னார்கள்.

இப்போது நாங்கள் செய்வது வெண்காரம், அதாவது போராக்ஸ். வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த நீரில் கழியை ஊறவைப்போம். இல்லையென்றால் நீளமான இரும்புக் கம்பியால் உள்கணுக்களைக் குத்தித் திறந்து, கடைசிக் கணுவை மட்டும் விட்டுவைத்து, கழியை நிமிர்த்தி நிறுத்தி உள்ளே கரைசலை ஊற்றி இரண்டு வாரம்போல விடுவோம், சுவர் அதை உள்ளிருந்து உறிஞ்சிக்கொள்ளும். இந்த நிமிர்த்தி ஊற்றும் முறையைப் பாலியில் பரப்பியதில் லிண்டா கார்லண்டுக்குப் பெரிய பங்கு உண்டு. அயர்லாந்துப் பெண்மணி, வீட்டு உள்ளலங்காரக் கலைஞராக வந்தவர், 1993-இல் சுற்றுச்சூழல் மூங்கில் அறக்கட்டளையை ஆரம்பித்தார், 1995-இல் நான்காவது உலக மூங்கில் மாநாடு பாலியின் உபுத்தில் நடந்ததும் அவரது முயற்சியால்தான். 2008-இல் பாலியில் திறந்த கிரீன் ஸ்கூல் என்கிற மூங்கில் பள்ளி, அப்புறம் வடிவமைப்பாளர் எலோரா ஹார்டியின் இபுக்கு குழு எழுப்பிய பல மாடி மூங்கில் வீடுகள், கிரீன் ஸ்கூலிலேயே 2021-இல் முடிந்த ஆர்க் என்கிற வளைவுக் கூடம் எல்லாம் இந்த அடித்தளத்தின் மேல் வந்தவை. இங்கே வருகிறவர்கள் அந்த வளைவுகளைப் படம் பிடிக்கிறார்கள். நியாயம்தான், அவ்வளவு அழகு. எனக்கு என்னவோ வெண்காரத் தொட்டிப் பக்கம் நின்றால்தான் மனசு நிறைகிறது, மூங்கிலை ஏழையின் மரம் என்ற பேரிலிருந்து விடுவித்தது அந்தத் தொட்டிதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

கட்டடம் மட்டுமில்லை. பங்ளியில் பெங்ளிப்பூரான் கிராமத்துக்குப் போனால் கூரை ஓடுகளே மூங்கில் சில்லுகள், ஊருக்குப் பின்னால் ஊரே காக்கும் மூங்கில் காடு. சுலவேசியில் தொராஜா மக்களின் தொங்கோனன் வீட்டுக் கூரை, பிளந்த மூங்கிலை அடுக்கடுக்காகக் கவிழ்த்துப் போட்டது. மேற்குப் பாலியில் ஜெம்பரானா பக்கம் ஜெகோக் என்று ஒரு வாத்தியக் குழு இருக்கிறது, நேரில் கேட்க வாய்ப்புக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். இருப்பதிலேயே பருத்த மூங்கில் குழல்களைக் கிடத்தி, நான்கே நான்கு சுரத்தில் வாசிப்பார்கள். பெரிய குழலில் அடி விழும்போது சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் நெஞ்சுக்கூட்டுக்குள் வந்துவிடும். இரண்டு ஊர்க் குழுக்கள் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே நேரத்தில் வாசித்து ஒருவரையொருவர் அமுக்கப் பார்க்கும் போட்டியும் உண்டு. அந்தக் குழல்களுக்கும் முற்றிய, நன்றாகக் காய்ந்த கழிதான் வேண்டும், இளசில் சுரம் நிற்காது.

இளசுக்கு மதிப்பு இருக்கிற ஒரே இடம் அடுப்பங்கரை. குருத்தை இங்கே ரெபுங் என்கிறார்கள், ஜாவாவின் செமராங் ஊரில் செய்யும் லும்பியா என்கிற சுருட்டிய பலகாரத்துக்குள் இருப்பது அதுதான். மூங்கில் குருத்தில் டாக்சிபிலின் என்ற பொருள் இருக்கிறது, பச்சையாகத் தின்றால் சயனைடாக மாறும். நறுக்கி, மூடி போடாமல் நன்றாக வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் போதும். பெத்துங் குருத்துக்குக் கசப்பு குறைவு, லேசாக இனிக்கக்கூடச் செய்யும், அதனால்தான் தாய்லாந்தில் பை தோங் என்ற பெயரில் குருத்துக்காகவே இதைத் தோட்டம் தோட்டமாக வளர்த்தார்கள்.

அந்தத் தோட்டங்களுக்கு நடந்ததைத்தான் நம் ஊரில் இந்த மூங்கிலை நட்டு வளர்க்கப்போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பிராசின்புரி மாகாணம் குருத்துக்குப் பேர்போனது. 1990-களின் நடுவில் அங்கே தோட்டங்கள் மொத்தமாகப் பூத்தன. பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை பூப்பதும், பூத்தபின் தூறோடு சாவதும் இந்த இனத்தின் இயல்பு, நம் மலைகளில் மூங்கிலரிசி விளைந்த வருடத்துக்குப் பிறகு புதர்கள் காய்ந்து நிற்பதும் இதனால்தான். பெத்துங்கை விதை போட்டு வளர்ப்பது அபூர்வம், கிழங்கையோ கிளையையோ வெட்டி நடுவதுதான் வழக்கம். அப்படி நட்டது நேற்று நட்ட கன்றாகவே இருந்தாலும் தாய்த்தூறின் வயதோடுதான் மண்ணில் இறங்குகிறது, தாய் பூக்கும்போது அதுவும் பூக்கும். ஒரே வழியில் வந்த தூறுகளாக இருந்ததால் பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்கள் சேர்ந்தே விழுந்தன, பிறகு விதைக்கன்றிலிருந்து புதிதாக ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

இப்போது தமிழ்நாட்டிலும் இதே இனத்தைத் திசு வளர்ப்புக் கன்றாக விற்கிறார்கள், தேசிய மூங்கில் இயக்கத்தின் முன்னுரிமைப் பட்டியலிலும் இது இருக்கிறது. திசு வளர்ப்பு என்றாலும் கடிகாரம் தாயுடையதுதான். ஈரோடு பக்கத்து நண்பர் ஒருவர் ஐந்து ஏக்கரில் போடலாமா என்று கேட்டார். ஆண்டுக்கு 2400 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிற இடத்தில் இது செழிக்கும், உங்கள் ஊரில் அதில் மூன்றில் ஒரு பங்கு பெய்தாலே அதிகம், அதனால் வருடம் முழுக்கத் தண்ணீர் கொடுக்க முடிகிற ஒரு மூலையில் மட்டும் போடுங்கள், மீதிக்கு நம் கல் மூங்கிலே போதும் என்றேன். கன்று வாங்கும் முன், தாய்ச்செடி எங்கிருந்து வந்தது, எந்தப் பூப்பின் விதையில் முளைத்தது என்று நர்சரியில் கேட்கச் சொன்னேன். கேட்டிருக்கிறார். விலைப்பட்டியலும் மானிய விவரமும் உடனே வந்துவிட்டன. தாய்ச்செடியின் வயதைத்தான் இன்னும் யாரும் சொல்லவில்லை, சொல்லும்வரை முன்பணம் கட்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.