பத்துக்கு இரண்டு

என் தகப்பனார் திருநெல்வேலி மாவட்ட நீதிமன்றத்தில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு வழக்கின் நியாய அநியாயத்தைப் பற்றி வீட்டில் அவர் பேசி நான் கேட்டதில்லை. வழக்கின் ஆவணக் கட்டு கிடைத்ததா இல்லையா என்பதைப் பற்றித்தான் பேசுவார். பதிவறையில் கட்டு காணாமற்போன வழக்கில் எவ்வளவு பெரிய வக்கீல் வந்து நின்றாலும் ஒன்றும் ஆகாது என்பது அவருடைய சித்தாந்தம். அமெரிக்காவுக்கு வந்து, வணிக ஒப்பந்தங்களின் வாசகங்களைத் திருத்தியே பதினான்கு ஆண்டுகளைக் கழித்திருந்த எனக்கு அதன் பொருள் 2021இன் தொடக்கத்தில்தான் விளங்கியது. லூசியானா மாநிலத்தின் ஒரு சிறிய ஊர் நீதிமன்றப் பதிவறைக்கு வாரத்துக்கு இரண்டு முறை தொலைபேசியில் அழைத்துக் கெஞ்சிக்கொண்டிருந்த நாட்கள் அவை.

2020 மே மாதம் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸாரால் கொல்லப்பட்ட பிறகு, அமெரிக்காவின் பெரிய வழக்கறிஞர் நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அறிக்கை வெளியிட்டன. நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் சேர்ந்து, சட்டத்துக்குள்ளேயே ஊறிக் கிடக்கும் இனப்பாகுபாட்டை எதிர்த்துக் கட்டணமின்றி உழைப்பதற்கென்று ஒரு கூட்டணியும் அமைத்தன. அறிக்கை எழுதுவது எங்கள் தொழிலில் கைவந்த கலை என்பதால் எனக்கு அதில் பெரிய நம்பிக்கை ஏற்படவில்லை. இப்படி வழக்கறிஞர்களைத் திரட்டுவது அந்த நாட்டுக்குப் புதிதும் அல்ல. 1963 ஜூன் 21 அன்று அதிபர் கென்னடி 244 வழக்கறிஞர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்து, தெருவில் நடக்கும் குடிமை உரிமைப் போராட்டத்தை நீதிமன்றத்துக்குள் கொண்டுவர உதவும்படி கேட்டுக்கொண்டார். அதற்கு ஒன்பது நாட்கள் முன்புதான் மிசிசிப்பியில் அந்தப் போராட்டத்தின் தலைவர்களில் ஒருவரான மெட்கர் எவர்ஸ் தம் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அந்தக் கூட்டத்திலிருந்து பிறந்த அமைப்பு இன்றும் இயங்குகிறது. அறுபதாண்டுகளுக்குப் பிறகும் அதே வேலைக்கு ஆள் தேவைப்படுகிறது என்பதை எப்படி எடுத்துக்கொள்வது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

எங்கள் அலுவலகத்துக்கு வந்த வேலை நியூ ஓர்லியன்ஸில் உள்ள பிராமிஸ் ஆஃப் ஜஸ்டிஸ் இனிஷியேட்டிவ் என்ற அமைப்பிடமிருந்து வந்தது. திட்டத்துக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ‘ஜிம் குரோ ஜூரிகள்’. ஜிம் குரோ என்பது கறுப்பினத்தவரை ஒதுக்கிவைத்த பழைய சட்டங்களுக்கு வழங்கிய பெயர். இந்தியாவில் 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு குற்ற வழக்குகளில் ஜூரி முறை முற்றாக ஒழிந்துவிட்டதால், அந்தப் பெயரின் பின்னணியைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கடுங்குற்ற வழக்கில் பொதுமக்களிலிருந்து பொறுக்கி எடுக்கப்பட்ட பன்னிரண்டு பேர் அமர்ந்து சாட்சியம் கேட்பார்கள். பன்னிரண்டு பேரும் ஒருமனதாகக் குற்றவாளி என்று சொன்னால்தான் தண்டனை. இது அங்கே பொது விதி. லூசியானா மட்டும் 1898இல் எழுதிய தன் அரசியலமைப்பில் ஒன்பது பேர் சொன்னால் போதும் என்று வைத்துக்கொண்டது. அந்த ஆண்டு கூடிய மன்றத்தில் தலைமைப் பொறுப்பிலிருந்த ஒருவர், சட்டம் இடம்கொடுக்கும் எல்லை வரை வெள்ளையினத்தின் மேலாதிக்கத்தை நிலைநாட்டுவதே தங்கள் நோக்கம் என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருக்கிறார். கறுப்பினத்தவரை ஜூரியிலிருந்து வெளிப்படையாக விலக்குவது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1880இலேயே கூறிவிட்டது. ஆகவே விலக்காமலே விலக்குவதற்கு ஒரு வழி தேவைப்பட்டது. ஒருவரோ இருவரோ மூவரோ உள்ளே வந்து உட்காரட்டும், அவர்களுடைய வாக்கு மட்டும் கணக்கில் வராமலிருக்கட்டும் என்பதுதான் அந்த வழி. விதியின் வாசகத்தில் நிறம் என்ற சொல்லும் இல்லை, இனம் என்ற சொல்லும் இல்லை. வெறும் எண் மட்டுமே இருக்கிறது.

1970களில் மாநிலம் புதிய அரசியலமைப்பை எழுதியபோது ஒன்பதைப் பத்தாக உயர்த்தினார்கள். காரணமாகச் சொல்லப்பட்டது நீதிமன்றங்களின் வேலைத் திறன். இதிலுள்ள வேடிக்கையை நான் பயிற்சி வகுப்பில் கேட்டபோது முதலில் நம்பவில்லை. சிறிய குற்றங்களுக்கு ஆறு பேர் கொண்ட ஜூரி. அந்த ஆறு பேரும் ஒருமனதாக இருக்க வேண்டும். மரண தண்டனை வழக்கில் பன்னிரண்டு பேரும் ஒருமனதாக இருக்க வேண்டும். இடைப்பட்ட இடத்தில், பரோலே இல்லாத ஆயுள் தண்டனையைக் கட்டாயமாக்கும் இரண்டாம் நிலைக் கொலைக்குப் பத்துப் பேர் போதும் என்றிருந்தது. மாநில மக்கள்தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் கறுப்பினத்தவர்; ஜூரி பொறுக்கும்போது அரசுத் தரப்பு தன் நிராகரிப்பு உரிமையைப் பயன்படுத்திச் சிலரைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது பெரும்பாலும் ஒருவர் அல்லது இருவர். பத்துக்கு இரண்டு என்ற கணக்கு எங்கே போய்ப் பொருந்துகிறது என்பதை அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கணக்கை உடைக்க முதலில் புறப்பட்டவர் வழக்கறிஞர் அல்லர். பத்தொன்பது வயதில் ஒரு கொலை வழக்கில் கைதாகி, 28 ஆண்டுகள் சிறையிலிருந்த கால்வின் டங்கன் என்பவர், முன்பு பண்ணைத் தோட்டமாக இருந்து பின்னர் லூசியானா மாநிலச் சிறையாக மாறிய அங்கோலாவில் சட்டம் படித்து, சக கைதிகளுக்கு மனு எழுதும் ‘கைதி ஆலோசகராக’ இருந்தார். 2011இல் வெளியே வந்த பிறகும், ஒருமனதில்லாத தீர்ப்பு செல்லாது என்ற வாதத்தை வழக்கு வழக்காக எடுத்துக்கொண்டு உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டிக்கொண்டேயிருந்தார். திரும்பத் திரும்ப அந்த மனுக்கள் ஏற்கப்படாமல் போயின. 2018இல் உள்ளூர்ப் பத்திரிகையான தி அட்வகேட் ஆயிரக்கணக்கான தீர்ப்புகளைத் தோண்டி எடுத்து வெளியிட்ட தொடர் மாநிலத்தை உலுக்கியது. அந்த நவம்பரில் மக்கள் வாக்களித்து விதியை மாற்றினார்கள். ஆனால் 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து நடக்கும் குற்றங்களுக்கு மட்டுமே மாற்றம் பொருந்தும் என்றார்கள். 2020 ஏப்ரல் 20 அன்று, ராமோஸ் எதிர் லூசியானா வழக்கில், ஒருமனதில்லாத தண்டனை நாட்டின் அரசியலமைப்புக்கே முரணானது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மேல்முறையீடு நிலுவையில் இருந்தவர்களுக்கு அதனால் மறுவிசாரணை கிடைத்தது. மேல்முறையீடெல்லாம் முடிந்து, வழக்கு இறுதியாகிவிட்ட நிலையில் சிறையில் இருந்தவர்கள் 1,500 பேருக்கும் மேல் என்றும், அவர்களில் ஏறக்குறைய எண்பது சதவீதத்தினர் கறுப்பினத்தவர் என்றும் அந்த நியூ ஓர்லியன்ஸ் அமைப்பு கணக்கிட்டிருந்தது. புதிய தீர்ப்பு தமக்கும் பொருந்தும் என்று கோருவதற்கு லூசியானா சட்டம் அவர்களுக்கு ஓராண்டு அவகாசம் தந்தது. இந்தக் கட்டத்தில் அரசுச் செலவில் வழக்கறிஞரைக் கேட்கும் உரிமை கைதிக்கு இல்லை. ஓராண்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனுக்கள், கொரோனாவால் அடைக்கப்பட்ட சிறைகள். குற்றவியல் நீதிமன்றத்தின் படியேறியிராத எங்களைப் போன்ற ஒப்பந்த வக்கீல்களுக்கெல்லாம் அழைப்பு வந்ததற்கு இதுதான் காரணம்.

எனக்கும் என்னுடன் வேலை பார்த்த இருவருக்கும் ஒரு கட்சிக்காரர் ஒதுக்கப்பட்டார். அவருடைய அடையாளம் தெரியும்படி எதையும் இங்கே எழுதப் போவதில்லை. 1990களில் தண்டிக்கப்பட்டவர் என்பது போதும். சட்ட வாதம் எங்களுக்கு ஆயத்தமாகவே வந்துவிட்டது. அமைப்பு தயாரித்த மனு மாதிரியில் வழக்கின் விவரத்தை நிரப்ப வேண்டும். நிரப்ப வேண்டியதில் முக்கியமானது ஒன்றே ஒன்று: வாக்கு எத்தனைக்கு எத்தனை. கட்சிக்காரருக்கு அது நினைவில் இருந்தது. ‘பத்துக்கு இரண்டு’ என்று முதல் தொலைபேசி அழைப்பிலேயே சொன்னார். இருபத்தைந்து ஆண்டுகளில் அதை அவர் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாரோ தெரியாது. ஆனால் அவர் நினைவு சான்றாகாது. தீர்ப்பு நாளில் ஜூரியினர் ஒவ்வொருவரும் ஆம் என்றோ இல்லை என்றோ எழுதிக் கொடுத்த சீட்டுகள் உறையிலிட்டு முத்திரை வைக்கப்பட்டுக் கட்டில் இருக்க வேண்டும்; அல்லது அன்றைய நடவடிக்கைக் குறிப்பில் எண் பதிவாகியிருக்க வேண்டும். பல வழக்குகளில் அன்று குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞர் வாக்கைக் கேட்டுப் பதிவு செய்யக் கோரவே இல்லை. பத்துப் பேர் போதும் என்பதே சட்டமாக இருக்கும்போது எண்ணைக் கேட்டு என்ன பயன் என்று அவர் நினைத்திருக்கலாம். நியூ ஓர்லியன்ஸில் 2005ஆம் ஆண்டின் கத்ரீனா வெள்ளம் குற்றவியல் நீதிமன்றத்தின் அடித்தளத்தில் வைத்திருந்த சான்றுப்பொருள்களையே மூழ்கடித்துவிட்டது.

எங்கள் கட்டு வெள்ளத்தில் போகவில்லை. ஆனால் எங்கே இருக்கிறது என்பதும் யாருக்கும் தெரியவில்லை. பக்கத்துக்கு இவ்வளவு என்று நகல் கட்டணம் முன்பணமாகக் கேட்டார்கள், அனுப்பினோம். பெருந்தொற்று என்றார்கள், ஆள் இல்லை என்றார்கள், சேமிப்புக் கிடங்கு வேறு ஊரில் என்றார்கள். கடைசியில் ஆறாவது வாரத்தில் ஓர் அம்மையார் தாமாகவே அழைத்து, நடவடிக்கைக் குறிப்பின் ஒரே ஒரு பக்கத்தை அனுப்பிவைத்தார். அதில் தட்டச்சில் ஒரு வரி: பன்னிரண்டில் பத்துப் பேர் இசைவு. நான் வரைந்த கோடி டாலர் ஒப்பந்தங்கள் எதிலும் அந்த ஒரு வரிக்கு ஈடான கனம் இருந்ததில்லை. மார்ச் மாதக் கடைசியில் மனுவைத் தாக்கல் செய்தோம்.

மே 17 அன்று உச்ச நீதிமன்றம் எட்வர்ட்ஸ் எதிர் வான்னாய் வழக்கில், ராமோஸ் தீர்ப்பு முடிந்துபோன வழக்குகளுக்குப் பின்னோக்கிப் பொருந்தாது என்று சொல்லிவிட்டது. எட்வர்ட்ஸின் ஜூரியில் இருந்த ஒரே கறுப்பினத்தவர் அவரை விடுதலை செய்யவே வாக்களித்திருந்தார். ஓராண்டுக்கு முன்பு இந்த விதி இனவெறியில் பிறந்தது என்று தனியாகவே எழுதிய நீதிபதி கேவனாதான் இந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பையும் எழுதினார். ராமோஸில் பழைய முன்தீர்ப்பைக் கைவிடக் கூடாது என்று மறுத்த நீதிபதி கேகன், இப்போது எதிர்ப்பக்கம் நின்று, அவ்வளவு அடிப்படையான உரிமை என்றால் அது இவர்களுக்கு மட்டும் ஏன் இல்லை என்ற வகையில் வாதிட்டார். மாநிலங்கள் தாமாக விரும்பினால் பின்னோக்கிப் பொருத்திக்கொள்ளலாம் என்ற சந்து மட்டும் மிச்சமிருந்தது. 2022 அக்டோபரில் லூசியானா உச்ச நீதிமன்றம், ரெடிக் வழக்கில், அதையும் அடைத்தது. இதே விதியை 1934 முதல் வைத்திருந்த இன்னொரு மாநிலமான ஆரிகனில், அங்குள்ள உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு டிசம்பர் 30 அன்று நேர்மாறாகத் தீர்ப்பளித்து, பழைய கைதிகளுக்கும் வழிவிட்டது.

இதன் விளைவைத் திருநெல்வேலி வழக்காற்றில் சொல்வதானால், வாய்தா வாங்கி இழுத்தடித்த வழக்கு பிழைத்தது, ஒழுங்காக முடிந்த வழக்கு செத்தது. லூசியானாவுக்கு உள்ளேயே, நியூ ஓர்லியன்ஸில் 2021 ஜனவரியில் அரசு வழக்கறிஞராகப் பொறுப்பேற்ற ஜேசன் வில்லியம்ஸ் இத்தகைய தண்டனைகளைத் தாங்கிப் பிடிப்பதில்லை என்று முடிவெடுத்ததால் சிலருக்கு மறுவிசாரணையோ விடுதலையோ கிடைத்தது. பக்கத்துப் பாரிஷில் (மாவட்டத்துக்கு அங்கே அதுதான் பெயர்) அதே வாக்கில் தண்டிக்கப்பட்டவர் உள்ளேயே இருக்கிறார். எங்கள் கட்சிக்காரர் அந்த இரண்டாம் வகை. மனு இரண்டு பக்க உத்தரவில் தள்ளுபடியாயிற்று. 2025இல் மாநிலச் சட்டமன்றத்துக்கு வந்த மசோதாவும் தோற்றது.

தன்னார்வத்தைப் பற்றி எனக்கு இப்போது கலவையான எண்ணமே இருக்கிறது. எங்கள் தொழில் நெறி ஆண்டுக்கு ஐம்பது மணி நேரம் இலவச உழைப்பைப் பரிந்துரைக்கிறது. நான் செலவிட்டது அதற்கு மேல், அது அலுவலக ஆண்டறிக்கையில் ஒரு பெருமையான எண்ணாகவும் மாறியது. ஆனால் விருப்பத்தின் பேரில் வந்தவர்கள் விருப்பத்தின் பேரிலேயே போகவும் முடியும். 2025 வசந்தத்தில் ஒன்பது பெரிய நிறுவனங்கள், அதிபர் டிரம்பின் நடவடிக்கைக்கு அஞ்சியோ, அதைத் தவிர்த்துக்கொள்ளவோ, ஏறக்குறைய 94 கோடி டாலர் மதிப்புள்ள இலவச உழைப்பை அரசுக்கு உகந்த காரியங்களுக்கு அளிப்பதாக உடன்பட்டன. ஐந்தாண்டுகளுக்கு முன் வந்த அறிக்கைகளில் இருந்த பெயர்கள் சிலவற்றை அந்தப் பட்டியலிலும் பார்த்தேன். கைதிக்கு இந்தக் கட்டத்தில் வழக்கறிஞர் பெறும் உரிமை இருந்திருந்தால், எங்கள் தாராள மனம் தேவைப்பட்டிருக்காது. அது இல்லாத இடத்தில்தான் நாங்கள் நல்லவர்களாகத் தெரிகிறோம்.

இருந்தும் அந்த ஆயிரத்துச் சொச்சம் மனுக்கள் வீண் என்று என்னால் சொல்ல முடியவில்லை. யார், எந்தப் பாரிஷ், எந்த ஆண்டு, எத்தனைக்கு எத்தனை என்பது இன்று எழுத்தில் இருக்கிறது. நாளைக்குச் சட்டமன்றம் மனம் மாறினால் தேடி அலைய வேண்டாம்.

கால்வின் டங்கன், 2021இல் பழைய தண்டனை ரத்தாகி, அறுபது வயதில் போர்ட்லண்டின் லூயிஸ் அண்டு கிளார்க் சட்டக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 2025 நவம்பரில் நியூ ஓர்லியன்ஸ் மக்கள் அவரைக் குற்றவியல் நீதிமன்றத்தின் கிளார்க்காகத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே அப்போது அது தேர்தலில் வரும் பதவி. நீதிமன்றக் கட்டுகளெல்லாம் அந்தப் பதவியின் பொறுப்பு. இதை அப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, அந்த ஆளுக்குப் பதிவறையில் எத்தனை பேர் சிப்பந்திகள் என்று கேட்டார்.