தும்பிக்கை வைத்த லை

சுவா சூ காங் இந்து இடுகாட்டில் எனக்கு மூன்று மாத ஒப்பந்த வேலை. தோண்டப்போகும் கல்லறைகளைப் படமெடுத்து, கல்லில் இருப்பதை அப்படியே பட்டியலில் ஏற்ற வேண்டும். சிங்கப்பூரில் இன்னும் புதைக்க இடம் தருவது சுவா சூ காங் மட்டும்தான். 1998இல் வந்த விதிப்படி அதுவும் 15 ஆண்டுகளுக்குத்தான். அப்புறம் தோண்டியெடுத்து, இந்து என்றால் எரித்துவிடுவார்கள். பிடாடாரி இடுகாடு இருந்த இடத்தில் இன்று வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகள். புக்கிட் பிரவுன் இடுகாட்டை அறுத்துக்கொண்டு லோர்னி நெடுஞ்சாலை போகிறது. நிலத்தைக் காப்பாற்றுகிற பேச்சே இங்கு எடுபடாது. பெயரையும் ஊரையும் பிழையில்லாமல் எழுதிவைக்கலாம், அவ்வளவுதான்.

அதிலும் முதல் நாளே கோட்டைவிட்டேன். எழுத்து பளிச்சென்று தெரியட்டுமே என்று சாக்பீஸைத் தேய்த்துப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். புல் வெட்டும் அங்கிள் பார்த்துவிட்டு, "தம்பி, பூச்சு உதிருது பாருங்க" என்றார். பாதிக் கற்கள் வெறும் சிமெண்டுதான். தண்ணீர் தெளித்து, மெல்லிய பிரஷால் மண்ணைத் தள்ளி, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் போதும். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து தானாக எழும்பும்.

எழும்பினாலும் எனக்குப் படிக்கத் தெரிய வேண்டுமே. ஒரு கல்லில் 'வட ஆற்காடு ஜில்லா' வரை வந்து நின்றுவிட்டேன். அடுத்த சொல்லில் ண கீழே வாலைச் சுழித்திருந்தது, ல தலையில் தும்பிக்கை தூக்கியிருந்தது. ஊர் என்ற கட்டத்தில் வழக்கம்போல 'தெளிவில்லை' என்று போட்டேன்.

"திருவண்ணாமலைன்னு நல்லாத்தானே இருக்கு" என்றார் அங்கிள். உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியில் படித்தவர். 1978இல் தமிழக அரசு மாற்றிய ணா, லை எல்லாம் அவருக்குப் பழைய வடிவிலேயே பழக்கம். எனக்கோ புதிய வடிவத்தைத் தவிர வேறு தெரியாது.

அன்று மாலை பட்டியலைப் பின்னோக்கிப் புரட்டினேன். 'தெளிவில்லை' நாற்பதுக்கு மேல் இருந்தது. மறுநாள் அங்கிளைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் போனேன். பெரும்பாலானவற்றை நின்ற இடத்திலிருந்தே வாசித்தார். ஆறு கல்லறைகளை மட்டும் அதற்குள் தோண்டிவிட்டிருந்தார்கள். படங்கள் இருந்தன, எல்லாம் முதல் நாள் எடுத்தவை. கைப்பேசியில் பெரிதாக்கிக் காட்டினேன். சுழி இருந்த இடமெல்லாம் சாக்பீஸ் அப்பி வெள்ளையாக இருந்தது.


அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, இன்னொரு தடவை காட்டச் சொன்னார்.