ஆராய்ச்சிச் சங்கத்துக்குத் தெரிவாக விரும்புகிறவர்கள் நேரத்தைக் குறித்து வையுங்கள்

எங்கள் பீடத்து விஞ்ஞான ஆராய்ச்சிச் சங்கத்தின் புதிய உறுப்பினர் பட்டியலில் என் பெயரும் வந்ததிலிருந்து தம்பி தங்கைமார் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: ஜீ.பீ.ஏ. (சராசரித் தரப்புள்ளி) எவ்வளவு இருக்க வேண்டும்? படிவத்தில் போட்டிருக்கும் எல்லையைத் தாண்டினால் போதும். அதற்குப் பிறகு அந்த எண்ணை யாரும் எடுத்துப் பேசுவதில்லை. நேர்முகத்தில் எல்லாம் ஒரு கேள்வியில்தான் வந்து நிற்கிறது: "இந்த ஆய்வில் உங்களுடையது எது?"

இதை எனக்கு முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை. ஏற்கெனவே தெரிவான சில மூத்தவர்களிடம் நான் கேட்டபோதுகூட "நன்றாகச் செய்யுங்கள்" என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. அதனால்தான் புதிய உறுப்பினர்களைச் சேர்க்கும் விழா முடிந்த கையோடு இதை எழுதுகிறேன்.

என் இறுதியாண்டு ஆய்வு பேர வாவி நீரில் கரைந்திருக்கும், பாசிக்கு உணவாகும் பொசுபேற்றைப் பற்றியது. கொழும்பில் இருப்பவர்களுக்கு அந்த வாவியின் பச்சையை விளக்க வேண்டியதில்லை. நீரை எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்து, 0.45 மைக்ரோமீற்றர் வடிகட்டியில் வடித்து, மொலிப்டேற்றும் அஸ்கோபிக் அமிலமும் சேர்த்து, எழும் நீல நிறத்தை ஒளி அளக்கும் கருவியில் 880 நனோமீற்றர் அலைநீளத்தில் அளவிட வேண்டும்; நீலம் கூடினால் பொசுபேற்று கூட. மர்ஃபியும் ரைலியும் 1962இல் வெளியிட்ட முறை இது. உலகமெங்கும் செய்கிறார்கள். இதில் புதிதாக என்ன இருக்கிறது என்று கேட்டால் நியாயமான கேள்விதான்.

என்னைக் காப்பாற்றியது ஒரு சீ.ஆர். கொப்பி. ஒவ்வொரு மாதிரிக்கும் நான்கு நேரங்களை அதில் எழுதுவேன்: நீர் எடுத்த நேரம், வடித்த நேரம், நிறக் கரைசல் சேர்த்த நேரம், கருவியில் வாசித்த நேரம். மட்டக்களப்பில் உயர்தரம் படித்தபோது பௌதிகவியல் ஆசிரியர் பழக்கிவிட்ட பழக்கம் அது. மழை பெய்த ஒரு மாலையில் கொள்ளுப்பிட்டியில் பஸ் அசையாமல் நின்றுவிட்டது. அன்றைய பெறுமானங்கள் எல்லாமே தாழ்ந்திருந்தன. முன்பக்கங்களைப் புரட்டினேன். எடுத்த நேரத்துக்கும் வடித்த நேரத்துக்கும் இடைவெளி கூடிய நாட்களிலெல்லாம் பெறுமானம் இறங்கியிருந்தது. போத்தலுக்குள் இருந்த அல்கா (நுண்பாசி) வழி நெடுகப் பொசுபேற்றை உறிஞ்சிக்கொண்டே வந்திருக்குமோ என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது.

மேற்பார்வையாளர் சேரிடம் கொப்பியைக் காட்டினேன். "செய்து பார்" என்றார். அதன் பிறகு ஒவ்வொரு மாதிரியையும் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை ஊசிக்குழல் வடிகட்டியால் வாவிக் கரையிலேயே வடித்தேன். மறு பாதியை வழக்கம்போல் ஆய்வுகூடத்தில் வடித்தேன். வித்தியாசம் வரைபில் தெளிவாகத் தெரிந்தது. மாதிரிகளை உடனே வடிக்க வேண்டும் என்பது எல்லா வழிகாட்டி நூல்களிலும் இருக்கிறது. பேர வாவி நீரில் அந்தத் தாமதத்துக்கு என்ன விலை என்பதை நான் அளந்தேன். அது சின்ன விடயம், ஆனால் என்னுடையது.

நேர்முகத்தில் ஒரு மேடம் நேரடியாகவே கேட்டார். "முறை 1962இல் வந்தது. வாவியைப் பலர் ஆராய்ந்துவிட்டார்கள். உங்களுடையது எது?" நான் கொப்பியைத் திறந்து மேசையில் வைத்தேன். மழையில் நனைந்து மை பரவிய பக்கம். அவர் அதை வாங்கித் தானாகவே பின்னோக்கிப் புரட்டினார். பெறுமானம் எதுவும் இல்லாத ஒரு பக்கத்தில் விரலை வைத்து "இங்கே என்ன?" என்றார். கருவியின் விளக்கு எரியாமல் போன நாள்; அதையும் நேரத்தோடு எழுதியிருந்தேன். பிறகு கேள்விகள் நட்பாகவே வந்தன.

இந்தக் கேள்விக்குப் பின்னால் பழைய மரபொன்று இருக்கிறது. 1886இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய சிக்மா சை ஆராய்ச்சிச் சங்கத்தில், ஆராய்ச்சித் திறன் வெளிப்படும் மாணவர்கள் இணை உறுப்பினராகலாம். குறிப்பிடத்தக்க சுய ஆய்வைச் செய்து காட்டியவர்களுக்குத்தான் முழு உறுப்புரிமை. பரிந்துரை இல்லாமல் இரண்டுமே கிடைக்காது. பரீட்சைப் புள்ளி ஒன்று, சுயமாக ஆராய்வது வேறொன்று என்ற பிரிப்பு அது. எனக்கு அந்தப் பிரிப்புப் பிடித்திருக்கிறது.

ஆங்கிலம் பற்றி. தமிழ் மொழிமூலத்தில் படித்து வந்து, பல்கலைக்கழகத்தில் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் கேட்டுத் திணறிய ஆண்டுகளை எங்களில் பலர் மறக்க மாட்டோம். அதற்காக விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள். நேர்முகத்துக்கு முன் வெள்ளவத்தை அறையில் என் அறைத்தோழியை உட்காரவைத்து, முழு ஆய்வையும் முதலில் தமிழில் சொன்னேன். அவள் வணிக பீடம். அவளுக்கு விளங்கிய பிறகுதான் ஆங்கிலத்தில் சொன்னேன். தமிழில் தடுக்கிய இடமெல்லாம் மொழிக் குறை அல்ல, எனக்கே விளங்காத இடம் என்பது அப்போது தெரிந்தது. பதில் சொல்லுமுன் சற்று நிறுத்தி யோசியுங்கள். யாரும் அவசரப்படுத்துவதில்லை.

இனிச் சில குறிப்புகள்:

ஆய்வுச் சுருக்கத்தில் பின்னணிக்கு இரண்டு வசனம் போதும். உங்களுடைய பகுதி நடுவிலேயே வரட்டும்.

போஸ்டரில் ஒரு வரைபு பெரிதாக இருக்கட்டும். ஆறு சின்ன வரைபுகளை யாரும் பார்ப்பதில்லை.

வெற்றுக் கரைசல் (அளக்கும் பொருள் இல்லாத ஒப்பீட்டுக் கரைசல்) எது, நியமக் கரைசல்களை (செறிவு தெரிந்த கரைசல்களை) எப்போது தயாரித்தீர்கள், எத்தனை தடவை மீளச் செய்தீர்கள்: இந்த மூன்றும் நிச்சயம் வரும்.

"நாங்கள் செய்தோம்" என்று சொல்லாதீர்கள். சேர் செய்ததைச் சேர் செய்தார் என்றும், நீங்கள் செய்ததை நான் செய்தேன் என்றும் சொல்லுங்கள்.

கொப்பியைப் பின்னர் அழகாகத் திருப்பி எழுதாதீர்கள். அழுக்கான மூலக் கொப்பிதான் வேண்டும்.

விழாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். குத்துவிளக்கேற்றிய பின், புதியவர்களை அழைக்குமுன், அந்த ஆண்டு சாதித்தவர்களைக் கௌரவித்தார்கள். ஆய்வுக் கட்டுரை வெளியிட்டவர்கள், வெளிநாட்டு மேற்படிப்புக்குத் தெரிவானவர்கள். அவர்களோடு எங்கள் துறையின் ஆய்வுகூட உதவியாளர் ஒருவருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். மண்டபம் முழுவதும் எழுந்து கைதட்டியது. பொசுபேற்று அளக்கும் போத்தலைச் சலவைத் தூளால் கழுவக் கூடாது, அந்தத் தூளிலேயே பொசுபேற்று இருக்கலாம், ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவு என்று முதல் நாளிலேயே எனக்குச் சொல்லித் தந்தவர் அவர். ஆய்வுகூடத்தில் யாரிடம் கேட்டுப் படிக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால் முதலில் அவரைத்தான் சொல்வேன். பெயர்ப் பதிவேட்டில் நான் கையொப்பமிட்டபோது, மட்டக்களப்பிலிருந்து இரவு ரயிலில் வந்திருந்த அப்பா பின்வரிசையில் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

தெரிவானவர்கள் அத்துடன் நின்றுவிடாதீர்கள். 1944இல் தொடங்கிய இலங்கை விஞ்ஞான முன்னேற்றச் சங்கம் ஆண்டமர்வு நடத்துகிறது. இரசாயனவியல் ஆய்வுகள் ஈ2 பிரிவுக்குப் போகும். சுருக்கத்தை அனுப்புமுன் மேற்பார்வையாளரின் சம்மதத்தை எழுத்தில் பெறுங்கள். யார் பெயர் முதலில் வரும் என்பதையும் அன்றே பேசி முடியுங்கள். முடிவுத் திகதிக்கு முதல் நாள் அதைப் பேச முடியாது.