9 சதவீதம் என்று வந்த ஆய்வேடு

ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வு நேர்மைக் குழுவில் வெளி உறுப்பினராக இருந்தபோது வந்த புகார் இது. தமிழ்த்துறை மாணவர் ஒருவர் பி.எச்டி. பட்டத்துக்கு ஆய்வேடு கொடுத்திருந்தார், வாய்மொழித் தேர்வான வைவா இன்னும் நடக்கவில்லை. அதில் பெரும்பகுதி தன்னுடையது என்று, பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு ஊரில் பட்டம் வாங்கிய ஒருவர் எழுதியிருந்தார்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018 கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிகளின்படி புகார் முதலில் துறைக் குழுவுக்குப் போகும். துறைத்தலைவர்தான் அதற்குத் தலைவர். அவர்கள் 45 நாளுக்குள் பரிந்துரையை நிறுவனக் குழுவுக்கு அனுப்ப வேண்டும், நிறுவனக் குழுவுக்கும் இன்னொரு 45 நாள். இந்த இரண்டாவது குழுவில் ஒருவர் பல்கலைக்கழகத்துக்கு வெளியிலிருந்து வர வேண்டும், அது நான். துறை செய்த வேலையைச் சரிபார்ப்பதுதான் அந்த ஆளின் முக்கியமான கடமை என்று நான் நினைக்கிறேன்.

துறைக் குழு அனுப்பியது ஒரே ஒரு பக்கம். ஒப்புமை, அதாவது பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் அளவு, மென்பொருள் கணக்கில் 9 சதவீதம், 10 சதவீதத்துக்குள் இருப்பதால் நடவடிக்கை தேவையில்லை, அவ்வளவுதான். ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள். நான் முழுக் கோப்பையும் கேட்டேன். மாணவரை அழைத்து விசாரித்த குறிப்பு எதுவும் அதில் இல்லை. புகார் கொடுத்தவரிடமும் யாரும் பேசவில்லை. இரு தரப்பையும் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது என்ற இயற்கை நீதியைப் பின்பற்ற வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது.

அப்புறம் மென்பொருளுக்குக் கொடுத்த பிடிஎஃப்பைத் திறந்தேன். ஒரு பத்தியை நகலெடுத்து வேறு கோப்பில் ஒட்டியதும் தமிழ் வரவில்லை, ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் கொட்டியது. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த ஆய்வேடு அது. நம் கண்ணுக்குத்தான் தமிழ், கணினிக்கு அது வெறும் ஆங்கில எழுத்து. பழைய ஆய்வேடோ அச்சுப் பிரதியை ஸ்கேன் செய்து ஏற்றியது, பக்கத்துக்குப் பக்கம் படம் மட்டும்தான். இரண்டுக்கும் நடுவில் ஒரு சொல்லைக்கூட அந்த மென்பொருள் ஒப்பிட்டிருக்க முடியாது. அறிக்கையைப் புரட்டினால், அந்த 9 சதவீதமும் ஆங்கிலத்தில் இருந்த ஆய்வுச் சுருக்கத்திலிருந்தே வந்திருந்தது. தமிழில் எழுதிய பகுதியை யாருமே சோதிக்கவில்லை!

அதனால் கையால்தான் பார்க்க வேண்டியிருந்தது. மாணவரை அழைப்பதற்கு முன்பே, அவர் ஒப்படைத்த பிரதியைப் பதிவாளர் பொறுப்பில் மூடி வைக்கச் சொன்னேன். அமெரிக்காவில் சுகாதாரத் துறையின் ஆய்வு நேர்மை அலுவலகத்துக்குக் கட்டுப்பட்ட நிறுவனங்கள், குற்றச்சாட்டைச் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்கும் நேரத்திலாவது ஆய்வுப் பதிவேடுகளைக் கைப்பற்றிப் பாதுகாக்க வேண்டும். நம் விதிகளிலும் அது இருந்தால் நன்றாக இருக்கும்.

இரண்டு ஆய்வேடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இயல் இயலாக, ஒத்துப்போகும் இடங்களில் கோடு போட்டோம். மூலத்தைச் சொல்லித் தந்த மேற்கோள்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, எனவே சங்கப் பாடல்களை எல்லாம் கழித்தோம். துணைநூற்பட்டியலையும் கழித்தோம். அப்படியும் மிச்சமிருந்தது நிறைய. பழைய ஆய்வேட்டில் ஒரு புறநானூற்றுப் பாடலுக்கு எண் தவறாக விழுந்திருந்தது. புதியதிலும் அதே பாடலுக்கு அதே தவறான எண். புறநானூற்றை எடுத்துப் பார்த்து எழுதியிருந்தால் அந்தத் தவறு வந்திருக்காது.

மாணவர் மறுக்கவில்லை. மாதிரிக்கு வைத்துக்கொள்ளச் சொல்லி, ஆய்வுக்கு வழிகாட்டிய நெறியாளர்தான் அந்தப் பழைய ஆய்வேட்டின் பிரதியைக் கொடுத்தார் என்றார். நெறியாளர் யார் என்று பார்த்தால், துறைக் குழுவின் தலைவராக இருந்து அந்த ஒரு பக்கத்தில் கையெழுத்திட்டவரே அவர். தன் மீது புகார் வந்தால் உறுப்பினர் விலகிக்கொள்ள வேண்டும் என்று விதி இருக்கிறது. புகார் மாணவர் மீதுதானே, என் மீது இல்லையே என்பது அவர் வாதம். ஆனால் இந்த ஆய்வேட்டில் திருட்டு இல்லை என்று நெறியாளராகச் சான்றிதழ் கொடுத்தவர் அவர். அதே கேள்விக்குத் தீர்ப்புச் சொல்லும் நாற்காலியில் அவர் எப்படி உட்கார முடியும்? இதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை, அறிக்கையில் தனிப் பத்தியாகச் சேர்க்க வைத்தேன்.

எங்கள் கணக்கில் ஒப்புமை 40 சதவீதத்தைத் தாண்டியது. 40க்கு மேல் 60 வரை என்றால், திருத்திய ஆய்வேட்டை ஓராண்டுக்கு ஒப்படைக்க முடியாது. அதைப் பரிந்துரைத்தோம். மாணவருக்கு மட்டும் தண்டனை என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது. நெறியாளரைத் துறைக் குழுவிலிருந்து மாற்றினார்கள், அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை.

அறிக்கையின் நகலை மாணவருக்குக் கொடுத்தார்கள், விதிப்படி அது அவருக்குரியது. புகார் கொடுத்தவருக்கும் முடிவை எழுத்தில் சொல்லுங்கள் என்று வற்புறுத்தியதால் கடிதம் போனது. இனி ஆய்வேடுகளை, கணினி தமிழாகவே படிக்கும் யூனிகோடில்தான் ஒப்படைக்க வேண்டும் என்று பதிவாளர் சுற்றறிக்கை விட்டார். பாமினியில் வந்து 10 சதவீதத்துக்குள் தேறிப்போன மற்ற ஆய்வேடுகளையும் மறுபடி பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.