பாஸ்போர்ட் இல்லாமல் சென்னையில் வேலை தேடிய பதினான்கு மாதங்கள்

2006இல் இலங்கையின் மன்னாரில் உள்ள பேசாலையிலிருந்து அகதிகளாகப் படகில் வந்து சேர்ந்தபோது எனக்கு ஏழு வயது. ராமேஸ்வரம் அருகே உள்ள மண்டபம் முகாமில் பதிவு முடிந்து, சென்னைக்கு வடக்கே ஒரு முகாமுக்கு அனுப்பினார்கள். பள்ளிக்கூடம், கல்லூரி எல்லாம் இங்கேதான். 2021இல் எலக்ட்ரானிக்ஸ் பொறியியல் முடித்தேன். வேலையில் சேர்ந்தது 2022 ஆகஸ்டில். இடையில் ஐந்து நிறுவனங்களில் இன்டர்வியூ தேறினேன். நான்கு இடங்களில் அதற்குப் பிறகு கேட்ட தாள் என்னிடம் இல்லை.

முகாமில் இறுதியாண்டு படிக்கும் பிள்ளைகள் வந்து இதைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

முதல் வேலை திருவான்மியூர் பக்கம் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் கிடைத்தது. ஆஃபர் லெட்டர் வந்த இரவு அம்மா தூங்கவே இல்லை. மறுநாள் சேர்க்கைப் படிவத்தை ஆன்லைனில் நிரப்பினேன். பாஸ்போர்ட் எண் என்ற கட்டத்தில் சிவப்பு நட்சத்திரம் இருந்தது. அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் போகவில்லை. எச்.ஆருக்கு ஃபோன் செய்தேன். "அப்ளை பண்ணிட்டு ஃபைல் நம்பரைப் போடுங்க, போதும்" என்றார். "என்னால் அப்ளை பண்ண முடியாது மேடம், நான் இலங்கை அகதி" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. அப்புறம், இருக்கிற எல்லாத் தாள்களையும் எடுத்துக்கொண்டு நேரில் வரச் சொன்னார்.

லேமினேட் செய்த முகாம் குடும்ப அட்டையை அவர் மேஜையில் வைத்தேன். அதிலிருப்பது நாங்கள் வந்த புதிதில் எடுத்த குடும்பப் படம். "இதுல நீங்க யாரு?" என்று கேட்டார். அம்மாவின் தோளை ஒட்டி, மேல் பட்டன் இல்லாத வெள்ளைச் சட்டையில் நிற்கும் பையனைக் காட்டினேன். அவர் அந்தப் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நல்ல மனுஷி. எனக்காக மூன்று முறை எழுந்து உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார். ஆனால் அவருடைய கம்ப்யூட்டரில் இந்தியர், வெளிநாட்டவர் என்று இரண்டே வகைதான். வெளிநாட்டவர் என்று போட்டால் விசா எண் கேட்டது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே இல்லை. அந்தப் படிவத்தில் எங்களுக்கு ஒரு வரி இல்லாமல் போனதற்கு வேர் அங்கே இருக்கிறது. ஆதார் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். ஆதார் இங்கே குடியிருப்பவருக்குக் கொடுப்பது, அது குடியுரிமைச் சான்றாகாது.

இரண்டாவது இடத்தில்தான் பாதுகாப்பு அனுமதி என்ற சொல்லை முதன்முதலில் கேட்டேன். விமான பாகங்களுக்கு வரைபடம் போட்டுக்கொடுக்கும் நிறுவனம் அது. கிண்டியில் இன்டர்வியூ எடுத்த மேலாளர் நேராகவே சொல்லிவிட்டார். "தம்பி, இது அமெரிக்க வேலை. ஐடார் என்று அவர்களுடைய ஆயுத ஏற்றுமதி விதி ஒன்று இருக்கு. வரைபடத்தைத் திறந்து பார்த்தாலே ஏற்றுமதி பண்ணின கணக்கு. யார் பார்க்கிறாங்க, எந்த நாட்டுக் குடிமகன் என்று நாங்க எழுதிக் கொடுக்கணும்." நான் எந்த நாட்டுக் குடிமகன் என்பதற்கு என்னிடம் ஒரு நாட்டின் தாளும் இல்லை. அவர் அன்றைக்கே அதைச் சொன்னதற்கு இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன். மற்ற இடங்களில் இதே விஷயம் தெரிய ஆறு வாரம் ஆனது.

மூன்றாவது, மீனம்பாக்கம் விமான நிலையத்தில் ஸ்கேனர் கருவிகளைப் பராமரிக்கும் கான்ட்ராக்ட். உள்ளே போக நுழைவுச் சீட்டு வேண்டும், அதற்குப் போலீஸ் விசாரணை உண்டு. ஒருவர் தாளில் கேள்வி எழுந்தால் மொத்தப் பட்டியலும் நிற்கும் என்று கான்ட்ராக்டர் என் பெயரை எடுத்துவிட்டார்.

நான்காவதுதான் அதிகம் வலித்தது. வங்கி ஒன்றுக்கு வேலை செய்யும் நிறுவனம். பாஸ்போர்ட் கேட்கவில்லை, முகவரி விசாரணை மட்டும் போதும் என்றார்கள். விசாரிக்க வந்த பையன் முகாம் வாசலில் போலீஸைப் பார்த்ததும் பயந்துவிட்டான். வெளியாள் உள்ளே வர அனுமதி வாங்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கு ஒரு ஃபோன் கூடச் செய்யாமல் 'முகவரி உறுதியாகவில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். பதினைந்து வருஷமாக அதே வீட்டில் இருக்கிறோம். மாதம்தோறும் முகாமில் ஆள் சரிபார்க்கும் செக்கிங்கில் கையெழுத்துப் போடுகிறோம். அரசாங்கத்துக்கு எங்கள் முகவரியைப் போல நன்றாகத் தெரிந்த முகவரி வேறு யாருடையதாக இருக்கும்?

நடுவில் மத்திய அரசுத் தேர்வு அறிவிப்பு ஒன்றை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தகுதிப் பகுதியில் இலங்கை என்ற பெயர் இருந்ததும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆனால் அந்த வரி, நிரந்தரமாகக் குடியேறும் எண்ணத்தோடு வந்த இந்திய வம்சாவளியினருக்கானது, அதற்கும் மத்திய அரசின் தகுதிச் சான்று வேண்டும். நாங்கள் மன்னார்க்காரர், அந்த வம்சாவளிக் கணக்கில் வரமாட்டோம். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒருவருக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022இல் உத்தரவிட்டபோதும் முகாமே அதைப் பற்றித்தான் பேசியது. 1987 ஜூலை 1க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர்களுக்குப் பிறப்பாலேயே குடியுரிமை உண்டு. 2008இல் சென்னை அரசு மருத்துவமனையில் பிறந்த என் தங்கைக்கு அது கிடையாது.

இலங்கைப் பாஸ்போர்ட் எடுக்கலாமே என்று சிலர் சொன்னார்கள். நுங்கம்பாக்கத்தில் துணைத் தூதரகம் இருக்கிறது, வழியும் இருக்கிறது. ஆனால் படகில் வந்தவனின் பாஸ்போர்ட்டில் விசா இருக்காது. அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும் என்று தள்ளிப்போட்டேன்.

நான்கு முறை அடிபட்ட பிறகு தேடும் முறையை மாற்றினேன். சம்பளத்தையும் பெயரையும் விட்டுவிட்டு, அந்த நிறுவனம் செய்யும் பொருள் எங்கே போகிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். ராணுவம், விமான நிலையம், துறைமுகம், அணுமின் நிலையம், வெளிநாட்டு வங்கி என்று இருந்தால் விண்ணப்பிக்கவில்லை. கடைக்கும் வீட்டுக்கும் போகிற பொருளாக இருந்தால் அனுப்பினேன். முதல் ஃபோனிலேயே நிலைமையைச் சொன்னேன். அம்மா இதில் உறுதியாக இருந்தார்: "ஒளிக்காதை ராசா, பிறகு தெரிஞ்சா கள்ளன் எண்டு நினைப்பினம்." சொன்னதும் பாதிப் பேர் ஃபோனை வைத்தார்கள். மீதிப் பேரோடு பேசும்போது நெஞ்சில் அந்தப் பாரம் இல்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் எலக்ட்ரானிக் தராசு செய்யும் சின்னக் கம்பெனி ஒன்று வரச் சொன்னது. முதலாளி என் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தாசில்தாரிடம் ஒரு கடிதம் வாங்கிட்டு வர முடியுமா?" என்றார். எத்தனையாம் ஆண்டிலிருந்து பதிவு, பதிவு எண், எந்த வீடு, இவ்வளவுதான் அதில். கிடைக்க மூன்று வாரம் ஆனது. அவர் காத்திருந்தார். இந்த முறை முகவரி விசாரணைக்கு ஆள் வரும் தேதியைக் கேட்டு, முகாமைப் பார்த்துக்கொள்ளும் வருவாய் ஆய்வாளரிடம் (ஆர்.ஐ.) முன்கூட்டியே சொல்லிவிட்டு, நானே வாசலில் போய் நின்றேன். வந்தவர் வீட்டு எண்ணைப் படம் எடுத்தார், அம்மா கொடுத்த தேநீரைக் குடித்தார், பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டார்.

பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி தினமும் போய் வருகிறேன். செக்கிங் நாளில் அரை நாள் லீவு வேண்டும் என்பதைச் சேரும்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொண்டேன். நீங்களும் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

2025 செப்டம்பரில் மத்திய உள்துறை ஓர் ஆணை வெளியிட்டது. 2015 ஜனவரி 9 வரை வந்து தஞ்சமடைந்து, பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் மீது பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காகத் தண்டனை நடவடிக்கை இருக்காது. அது குடியுரிமை தரவில்லை, விமான நிலையக் கதவையும் திறக்காது. ஆனால் 'இவரை வேலைக்கு வைத்தால் எங்களுக்குச் சிக்கல் வருமா?' என்று பயப்படும் எச்.ஆரிடம் காட்ட ஒரு தாள் கிடைத்திருக்கிறது. நகல் எடுத்து, முகாம் அட்டை, தாசில்தார் கடிதம், ஆதார், பான், மதிப்பெண் பட்டியல்களோடு ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். தாசில்தார் கடிதத்துக்கு மட்டும் ஏழாவது செமஸ்டரிலேயே மனு கொடுத்துவிடுங்கள்.