பத்து இஞ்சு கத்தரியும் வலது முழங்கையும்

மதுரையில் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன், 19 வருடமாக. விளக்குத்தூண் பக்கம் போய் லைனிங் எடுத்து வருவதிலிருந்து கொக்கி வைப்பது வரை எல்லாம் நானேதான். அந்தத் தீபாவளிக்கு மட்டும் 140 பிளவுஸ் வெட்டினேன். நேரம் மிச்சமாகட்டும் என்று நாலு மடிப்பாகத் துணியைப் போட்டு, பத்து இஞ்சு கத்தரியால் தரையில் உட்கார்ந்தபடியே வெட்டுவேன். தீபாவளி முடிந்த மறுவாரம், அடுப்பிலிருந்து பால் சட்டியை இறக்கும்போது வலது முழங்கையின் வெளிப்பக்கம் சுரீர் என்றது. சட்டியைப் பிடிக்க முடியவில்லை. இடது கை உதவிக்கு வந்ததால் பால் கொட்டவில்லை.

சுளுக்கு என்றுதான் நினைத்தேன். அத்தை நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டார். தேய்க்கும்போது சுகமாக இருக்கும், காலையில் எழுந்தால் கை மடங்கியபடியே விறைத்திருக்கும். கதவுத் தாழ்ப்பாளைத் திருகினால் வலி, ஈரச்சேலையைப் பிழிந்தால் வலி, தேங்காய் துருவினால் வலி. உள்ளங்கை கீழே பார்க்கும்படி எதைத் தூக்கினாலும் வலி. அதே பொருளை உள்ளங்கை மேலே பார்க்கும்படி ஏந்தினால் வலி பாதிதான். இதை நானே கண்டுபிடித்தேன், காரணம் மட்டும் அப்போது புரியவில்லை.

மார்கழியில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். டென்னிஸ் எல்போ என்றார்கள், முழங்கையின் வெளிப்பக்கத் தசைநாரில் வருகிற வலி. வலிக்கிற இடத்திலேயே ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள் வலி போயே போய்விட்டது. கை சரியாகிவிட்டது என்று நம்பி, தை மாத முகூர்த்த ஆர்டர் முழுவதையும் ஒத்துக்கொண்டேன். ஆறாவது வாரம் வலி திரும்பியது, முன்பைவிட அதிகமாக. ஊசி போட்டபோது, கைக்கு வேலை கொடுக்காதே, பயிற்சி செய் என்று ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. இரண்டாவது ஊசியும் பலிக்காவிட்டால் ஆபரேஷன் என்று அதே இடத்தில் சொன்னதும் பயந்துவிட்டேன். சச்சினுக்கும் இதுதானே வந்தது, 2005-ல் லண்டனில் ஆபரேஷன் செய்தார்களே என்று பையன் சொன்னதும் பயம் இன்னும் கூடியது.

அப்புறம்தான் அரசு மருத்துவமனைக்குப் போனேன். எலும்பு டாக்டர் கழுத்தைத் திருப்பச் சொன்னார், விரல்களில் மரத்துப்போகிறதா என்று கேட்டார். கழுத்து நரம்பு அழுந்தினாலும் இதே இடத்தில் வலி வரலாமாம், அதைப் பார்த்து ஒதுக்கிவிட்டு பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுத்தார்.

பிசியோதெரபி அறையில் இருந்த பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. என்னை மேஜையில் கை நீட்டி வைக்கச் சொன்னார். "அக்கா, நடுவிரலை மட்டும் மேல தூக்குங்க, நான் கீழ அமுக்குவேன், விட்டுக் கொடுக்காதீங்க" என்றார். தூக்கினேன். விரலை அமுக்க, வலித்தது முழங்கை. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவர் தன் கட்டைவிரலை முழங்கையின் வெளிப்பக்க மேட்டில் வைத்து, அரிசி அளவு இடத்தைச் சரியாகத் தொட்டார். "மணிக்கட்டைத் தூக்கிப் பிடிக்கிற தசையெல்லாம் இங்கதான் வந்து ஒட்டுது. நீங்க கத்தரியை இறுக்கும்போதெல்லாம் மணிக்கட்டு உள்ள சரிஞ்சுடாம இதுதான் பின்னாடி இருந்து இழுத்துப் பிடிக்குது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை இறுக்குறீங்கன்னு எண்ணிப் பாருங்க."

இது வீக்கம் இல்லை, தசைநாரின் இழைகளே நைந்துபோயிருக்கின்றன என்றார். எனக்கு அது உடனே பிடிபட்டது. இறுக்கமான பிளவுஸில் அக்குள் பக்கம் துணி கிழிந்திருக்காது, தையலும் விட்டிருக்காது, ஆனால் தையலை ஒட்டி இழை விலகி நிற்கும். அதே மாதிரிதான். அப்படியானால் முழு ஓய்வு கொடுத்தால் சேர்ந்துவிடுமா என்று கேட்டேன். இல்லை என்றார். துணி தானாகச் சேராது, உடம்பு சேரும், ஆனால் அதற்கு அளவான பாரம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், சும்மா வைத்தால் தசை இன்னும் பலவீனமாகும் என்றார். நான் அதுவரை நினைத்திருந்ததற்கு நேர் எதிர். வலி இருந்தபோதெல்லாம் கையைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன்.

ஊசியைப் பற்றியும் கேட்டேன். 2013-ல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வைச் சொன்னார். 165 பேர். ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களில் 54 சதவீதம் பேருக்கு வலி திரும்பி வந்தது, மருந்தில்லாத ஊசி போட்டவர்களில் 12 சதவீதம் பேருக்குத்தான். முதல் சில வாரம் ஸ்டீராய்டுதான் ஜெயிக்கும், ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் போடாதவர்களே தேவலை. ஆபரேஷன் என்பது ஆறு மாதம், ஒரு வருடம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் குறையாதவர்களுக்குத்தான், பெரும்பாலானவர்களுக்கு அது தேவையே வராது என்றார். அன்றிரவுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

முதல் நாள் ஒரு கருவியைப் பிடித்து அழுத்தச் சொன்னார். வலி ஆரம்பிக்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். இடது கை 24 கிலோ காட்டியது. வலது கை 7. அப்புறம் என் மேல்கையை ஒரு கையால் அணைத்துப் பிடித்து, முழங்கைக்குக் கீழே மறு கையால் வெளிப்பக்கமாக மெல்லத் தள்ளி, "இப்பப் பிடிங்க" என்றார். பிடித்தேன். வலிக்கவில்லை. அவர் கையை எடுத்ததும் திரும்ப வலி. கை கெட்டுப்போய்விடவில்லை என்று எனக்கு நம்பிக்கை வந்தது அந்த நிமிடத்தில்தான்.

வீட்டில் செய்யச் சொன்னது எளிமையானது. முதல் இரண்டு வாரம் அசைவே இல்லை. மேஜையில் முன்கையை வைத்து, உள்ளங்கை கீழே, இடது கையால் வலது புறங்கையை அமுக்க, வலது கை எதிர்த்து நிற்க வேண்டும். 45 விநாடி, அப்புறம் ஓய்வு, இப்படி ஐந்து தடவை. மூன்றாவது வாரம் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். மணிக்கட்டை மேஜை விளிம்புக்கு வெளியே விட்டு, பாட்டிலைப் பிடித்து, இடது கை உதவியால் மணிக்கட்டை மேலே தூக்கி, வலது கையால் மட்டும் ஐந்து எண்ணும்வரை மெதுவாக இறக்க வேண்டும். 15 தடவை, மூன்று சுற்று. இறக்குவதுதான் மருந்து, தூக்குவதில்லை என்பார். முதல் நாள் எட்டாவது தடவையில் கை நடுங்கியது. பாட்டிலுக்குள் தண்ணீர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே மீதி ஏழையும் முடித்தேன்.

செய்யும்போது வலிக்கும். இதைத் தெரியாமல்தான் நிறையப் பேர் பாதியில் விடுகிறார்கள். பத்துக்கு மூன்று, நாலு என்கிற அளவு வலி பரவாயில்லை, ஆனால் மறுநாள் காலையில் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தால் பாரத்தைக் குறைக்க வேண்டும். இதுதான் கணக்கு. நான் காலண்டர் தாளில் தினமும் காலை வலியை ஓர் எண்ணாக எழுதி வைத்தேன்.

வலிக்கு மிஷின் எதுவும் வைக்கவில்லையே என்று பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் குறைப்பட்டுக்கொண்டார். எனக்கும் அந்த எண்ணம் இருந்தது. மிஷின் கொஞ்சம் இதமாக இருக்கும், வேலை செய்வது பாட்டில்தான் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னது உண்மை என்று இப்போது சொல்வேன். கடையில் வாங்கிய முழங்கைப் பட்டையை நான் வலிக்கிற மேட்டின் மேலேயே கட்டியிருந்தேன். இரண்டு விரல் கீழே, தசையின் மேல் கட்ட வேண்டுமாம், அதுவும் வேலை நேரத்தில் மட்டும்.

தொழிலையும் மாற்றினேன். சாணை பிடிக்கிற அண்ணனிடம் கத்தரியைக் கொடுத்தபோது, "இதுல எப்படிம்மா வெட்டினே" என்று கேட்டார். மழுங்கிய கத்தரிக்கு இரண்டு மடங்கு பலம் வேண்டும், அந்தப் பலம் முழுவதும் முழங்கையிலிருந்து போயிருக்கிறது. எட்டு இஞ்சு கத்தரி ஒன்றும் வாங்கினேன். நாலு மடிப்பு இரண்டானது. தரையிலிருந்து மேஜைக்கு மாறினேன். ஈரச்சேலையை வீட்டுக்காரர் ஒரு முனை பிடிக்க இருவருமாகப் பிழிந்தோம். ஆர்டர் பாதியாகக் குறைந்தது. அந்த நாலு மாதம் பணக்கஷ்டம்தான், அதை மறைக்க ஒன்றுமில்லை.

ஏழாவது வாரம் நாத்தனார் மகள் வளைகாப்பு. இரண்டு நாளில் 12 பிளவுஸ் தைத்தேன். காலண்டரில் 2 என்று இருந்த எண் 7 ஆனது. அழுதுகொண்டே போனேன். எல்லாம் வீணாகிவிட்டதா என்று கேட்டதற்கு, "இல்லக்கா, ஒரு படி இறங்குவோம், முதல்ல இருந்து இல்ல" என்று சொல்லி, அதற்குள் ஒரு லிட்டருக்குப் போயிருந்த பாட்டிலை அரை லிட்டருக்கு மாற்றினார். பத்து நாளில் பழைய இடத்துக்கு வந்துவிட்டேன். கையை அப்படியே ஓய்வில் போட்டிருந்தால் அந்தப் பத்து நாள் இரண்டு மாதமாகியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

அதன் பிறகு ஈரத்துண்டை முறுக்கி மெதுவாகத் தளர்த்துவது, தோள்பட்டைக்கு ரப்பர் பட்டைப் பயிற்சி என்று சேர்ந்தன. தோள் பலவீனமாக இருந்தால் அதன் வேலையையும் முழங்கையே இழுத்துச் செய்யுமாம். ஐந்தாவது மாதம் வலது கை 21 கிலோ காட்டியது. ஆடியில் தையல் குறைவு, அந்த ஓய்வில் இரண்டு கிலோ டம்பெல்லுக்குப் போனேன். ஆவணி முகூர்த்தத்துக்கு 60 பிளவுஸ் ஒத்துக்கொண்டேன், 61-வது கேட்டவருக்கு அடுத்த மாதம் தருகிறேன் என்றேன்.

இப்போதும் திங்கள், புதன், சனி மூன்று நாள், மெஷினில் உட்காரும் முன் டம்பெல்லை மூன்று சுற்று இறக்குகிறேன். குளிர்ந்த காலைகளில் லேசாக ஒரு விறைப்பு வரும், பத்து நிமிடத்தில் போய்விடும். கத்தரி சாணைக்கு மாதம் ஒருமுறை போகிறது.